செவுளில் ஓர் அறை

எங்கள் வீட்டில் அடி விழுவதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு வரும். "செவுளில் ஒன்று விட்டேன் என்றால் தெரியும்" என்பாள் அம்மா. விட்டது குறைவு, சொன்னதுதான் அதிகம். அதே அம்மா, சனிக்கிழமை காலையில் மீன்கூடை வாசலில் இறங்கியதும் முதலில் விரலால் தூக்கிப் பார்ப்பதும் செவுளைத்தான். ரத்தச் சிவப்பாக இருந்தால் பேரம் தொடங்கும். வெளுத்திருந்தால் கூடைக்காரம்மாவிடம் பேச்சே கிடையாது. மீன் மூச்சுவிடுகிற இடம் எனக்கு அறை விழுகிற இடமாக எப்படி ஆயிற்று என்று சிறுவயதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. கேட்டிருந்தால் அதற்கும் சேர்த்து ஒன்று விழுந்திருக்கும்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அம்மாவுக்குக் காதில் அறுவைச் சிகிச்சை நடந்தபோதுதான் அந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி பிறந்தது.

தங்கை பிறந்த பிறகுதான் காது மந்தமானது என்று அம்மா சொல்வாள். நாங்கள் நம்பியதில்லை. காரணம், வீட்டில் நான்கு முறை கூப்பிட்டாலும் திரும்பாதவள், டவுன் பஸ்ஸில் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போது பின்சீட்டில் மாமா முணுமுணுத்ததைப் பிடித்துவிடுவாள். 'வேண்டியது மட்டும் கேட்கும் காது' என்று அப்பா பெயர் வைத்தார். அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு. சந்தேகப்பட்டதற்கு அம்மாவிடம் நாங்கள் எல்லோரும் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இரைச்சலில் நன்றாகக் கேட்பது என்பதே அந்த நோயின் அடையாளம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், பக்கத்தில் முரசு கொட்டினால் மட்டுமே பேச்சுக் கேட்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். இரைச்சலில் மற்றவர்கள் தாமாகவே குரலை உயர்த்துகிறார்கள். அந்த இரைச்சலோ இவர்கள் காதுக்குள் அவ்வளவாக ஏறுவதில்லை. ஆக, பஸ்ஸுக்குள் நாங்கள்தான் செவிடர்கள், அம்மா இல்லை.

நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் இருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். செவிப்பறையில் சுத்தி ஒட்டியிருக்கிறது. அது பட்டடையை ஆட்ட, பட்டடை அங்கவடியை ஆட்ட, அங்கவடி உட்காதின் சன்னலில் போய் இடிக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சன்னலைச் சுற்றி எலும்பு தாறுமாறாக வளர்ந்து, அங்கவடி அசையாமல் இறுகிவிட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. அதன் மேற்பகுதியை எடுத்துவிட்டு, அடித்தகட்டில் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை போட்டு, டெஃப்லான் தண்டு ஒன்றைச் செருகுவதுதான் சிகிச்சை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே என்ற மருத்துவர் 1956இல் அங்கவடியை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த மாற்று எலும்பை வைத்துக் காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் இது.

மரத்துப்போக ஊசி போட்டார்களே தவிர மயக்கவில்லை. தண்டு உள்ளே உட்கார்ந்ததும் மருத்துவர் "கேட்கிறதா அம்மா?" என்று சாதாரணக் குரலில் கேட்டாராம். "ஏன் கத்துகிறீர்கள்?" என்றாளாம் அம்மா. வெளியே வந்த மருத்துவர், பஞ்சில் வைத்து எடுத்த எலும்பைக் காட்டினார். உடலிலேயே சிறிய எலும்பு, மூன்று மில்லிமீட்டர் சொச்சம். நொய்யரிசி இதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் தொடங்கியது வேறொரு வழக்கு. அம்மா வைத்த மீன்குழம்பு அவளுக்கே பிடிக்கவில்லை. இரும்புக் கரண்டியை நக்குவது போல இருக்கிறது என்றாள். உப்பு தெரியவில்லை என்று இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டாள், நாங்கள் தண்ணீராகக் குடித்தோம். மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "சுவை நரம்பு ஒன்று நடுக்காதின் குறுக்கே போகிறது. வேலை செய்ய இடம் வேண்டும் என்று சற்று ஒதுக்கினோம். சில மாதங்களில் சரியாகிவிடும்."

நாக்குக்குப் போகிற நரம்புக்குக் காதுக்குள் என்ன வேலை?

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போகிறவன் எங்கள் வீட்டுச் சமையலறை வழியாகப் போவது போன்ற ஏற்பாடு இது. முக நரம்பிலிருந்து பிரிந்து, நடுக்காதுக்குள் நுழைந்து, சுத்திக்கும் பட்டடைக்கும் இடையில் கம்பி போலத் தொங்கி, மறுபக்கம் வெளியேறி, கீழ்த்தாடைக்குள் இறங்கி நாக்கின் முன்பகுதியை அடைகிறது அந்த நரம்பு. புதிதாக வரைபடம் போடுகிற எந்தப் பொறியாளரும் இப்படிப் போடமாட்டார். இதற்கு விடை தேடினால் மீன் தலையில் போய்த்தான் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பாறை மீன் தலைக் குழம்பில் கன்னச் சதைக்குச் சண்டை நடக்கும். அந்தச் சதையை வழித்தெடுத்ததும் உள்ளே பட்டையாகச் சில எலும்புகள் விரலில் தட்டும். அவற்றில் பின்பக்கம் மேலே இருப்பது, தாடையையும் செவுள் மூடியையும் மண்டையோட்டில் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும் தாங்கு எலும்பு. மீன் வாயைத் திறந்து மூடுவதும், செவுள் வழியே தண்ணீரை வெளியேற்றுவதும் இதன் தயவில்தான். கட்டை விரல் நகத்தைவிடப் பெரியது. அம்மாவின் காதிலிருந்து பஞ்சில் வைத்து எடுத்தார்களே, அந்த நொய்யரிசி இதுவேதான்.

உவமைக்காகச் சொல்லவில்லை. இதன் பயணத்தைக் கல்லில் படிக்க முடிகிறது. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த டிக்டாலிக், சுமார் 37.5 கோடி ஆண்டுக்கு முந்தைய மீன். துடுப்புக்குள் கை எலும்புகளின் ஒத்திகை நடந்துகொண்டிருந்த மீன் என்று எல்லோரும் அதன் முன்துடுப்பைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதன் தலைதான் பிடிக்கும். செவுள் மூடி எலும்பு காணாமல் போய்விட்டது, அதனால் மண்டை தோளிலிருந்து விடுபட்டு, மீன் இனத்தில் பழக்கமில்லாத ஒரு கழுத்து வந்துவிட்டது. மூடி இல்லாததால் தாங்கு எலும்புக்கும் பாதி வேலை போயிற்று, குட்டையாகிவிட்டது. கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டேகா இதற்கு ஒரு கோடி ஆண்டு பிந்தியது. கால்கள் வந்துவிட்டன, ஒவ்வொரு முன்னங்காலிலும் எட்டு விரல். உள்ளே செவுளும் இருந்தது. அதில் இந்த எலும்பு மண்டையின் பக்கவாட்டில் ஒரு குட்டி முட்டுக்கட்டையாகச் சுருங்கி, உட்காதுச் சன்னலில் முனையைச் செருகிக்கொண்டிருப்பதை புதைபடிவ ஆய்வாளர் ஜென்னி கிளாக் 1989இல் விவரித்தார். ஆனால் அது இன்னும் கேட்கும் எலும்பாக ஆகவில்லை. கேட்கும் எலும்பு அவ்வளவு தடியாக இருந்தால் ஆடாது. மண்டைக்கு முட்டுக் கொடுக்கிற பழைய வேலைதான். காதுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது, காதுக்காக வேலை செய்யத் தொடங்கவில்லை.

தண்ணீருக்குள் மீனுக்கு நடுக்காது தேவையில்லை. மீனின் சதையும் ஏறக்குறையத் தண்ணீர் போலத்தான் என்பதால் ஒலி உடம்புக்குள் அப்படியே ஊடுருவிப் போகும். உள்ளே அசையாமல் பின்தங்குவது செவிக்கல் மட்டும். அந்த வேறுபாட்டைத்தான் மீன் கேட்கிறது. கத்தாளையின் மண்டையை உடைத்தால் வெள்ளை வெளேரென்று இரண்டு பெரிய கற்கள் கிடைக்கும், சின்ன வயதில் அவற்றைத் தாயக் காய்களாக வைத்து விளையாடியிருக்கிறோம். அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையம் போல அதில் மீனின் வயது தெரியும் என்பது பிறகு தெரிந்தது. தரைக்கு வந்ததும் கதை மாறுகிறது. காற்றில் வருகிற ஒலி, நீர் நிறைந்த உட்காதில் நேராக மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மீதி திரும்பிவிடும். பெரிய சவ்வில் வாங்கிச் சிறிய சன்னலில் குவித்துக் கொடுக்க ஒரு தரகர் வேண்டும். நம் செவிப்பறைக்கும் அங்கவடியின் அடித்தகட்டுக்கும் பரப்பில் ஏறக்குறைய பதினேழு மடங்கு வித்தியாசம். நெம்புகோல் கணக்கையும் சேர்த்தால் அழுத்தம் சுமார் 22 மடங்கு கூடுகிறது. வேலை குறைந்து சும்மா நின்ற தாங்கு எலும்பு இந்தத் தரகு வேலையில் சேர்ந்துகொண்டது. செவிப்பறை ஒரே முறை தோன்றி எல்லோருக்கும் பரம்பரைச் சொத்தாக வந்ததும் இல்லை. தவளை வம்சம், பல்லி-பறவை வம்சம், பாலூட்டி வம்சம் எல்லாம் தனித்தனியே அதற்கு வந்து சேர்ந்தன.

அங்கவடியின் கதை இவ்வளவுதான். சுத்தியும் பட்டடையும் வந்த கதை இன்னும் விநோதம். பரிணாமத்தில் எனக்கு ஒரே ஒரு கதை சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஓணானின் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கே பல எலும்புகள். பல் தாங்குவது ஒன்று, மேல்தாடையோடு கீல் போடுவது வேறொன்று. நமக்கு ஒரே எலும்பு, பல்லையும் அதுவே தாங்குகிறது, கீலையும் அதுவே போடுகிறது. மற்றவை எங்கே போயின? ஜெர்மனியில் கார்ல் ரைஹெர்ட் 1837இல் பன்றிக் கருக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்த்தாடைக்கு அச்சாக ஒரு குருத்தெலும்புத் தண்டு வளர்கிறது. அதன் பின்முனை தனியே முறிந்து சுத்தி எலும்பாவதைக் கண்டார். ஊர்வனவற்றில் அதே முனைதான் தாடைக் கீலின் கீழ்ப்பாதி. மேல்பாதி நம்மிடம் பட்டடையாகிவிட்டது. பல்லியின் தாடைக் கீல் மொத்தமாகக் கழன்று நம் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். டார்வினின் நூல் வருவதற்கு இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. ரைஹெர்ட் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பரிணாமத்தை நிரூபிக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லை என்பதாலேயே எனக்கு அவர் மீது கூடுதல் நம்பிக்கை.

எதிர்ப்பாளர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. கீலைக் கழற்றிக் காதுக்கு அனுப்பிவிட்டால், நடுவில் அந்த விலங்கு எதை வைத்து மென்று தின்றது? வாசல் கதவைக் கழற்றாமல் கீலை மாற்ற வேண்டும் என்றால் ஆசாரி என்ன செய்வார்? பழைய கீலுக்குப் பக்கத்திலேயே புதுக் கீலை அடித்துவிட்டு, பிறகு பழையதைப் பிடுங்குவார். நடந்ததும் அதுதான். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த டயார்த்ரோக்னேதஸ் என்ற சிறு விலங்கின் பெயருக்கே இருகீல் தாடை என்று பொருள். ஊர்வனவற்றின் கீலும் பாலூட்டியின் கீலும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேல்ஸிலும் சீனாவிலும் கிடைத்த மூஞ்சுறு அளவு மார்கனுகோடான் சுமார் 20 கோடி ஆண்டுக்கு முந்தியது, அதிலும் இரண்டு கீல். பழைய கீல் மெலிந்துகொண்டே போனது. மெலிந்த எலும்பு சன்னமாக அதிரும். மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்த ஒரு காலம் அது. இரவில் பூச்சி பிடித்துத் தின்ற சிறு பிராணிகளுக்குக் கீச்சுக் குரல்கள் கேட்பது லாபம். சீனாவில் கிடைத்து 2007இல் விவரிக்கப்பட்ட யானோகோனோடான் என்ற பழங்காலப் பாலூட்டியில் காது எலும்புகள் நம்முடையவை போலவே ஆகிவிட்டன. இருந்தும் ஒரு சிறு தண்டால் இன்னும் தாடையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, வேலைக்குப் போன பிள்ளை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்காதது போல.

கல்லாகிப் போன சாட்சி போதாது என்றால் உயிருள்ள சாட்சியும் உண்டு. அமெரிக்காவின் ஒப்போசம், பன்னிரண்டு பதின்மூன்று நாள் கருவிலேயே குட்டி போட்டுவிடும் பை விலங்கு. பிறந்த குட்டியின் காது எலும்புகள் தாடையோடு ஒட்டியிருக்கும், புதுக் கீல் இன்னும் உருவாகியிருக்காது. தாயின் முலைக்காம்பைக் கவ்வித் தொங்கிக்கொண்டிருக்கும் வாரங்களில்தான் புதுக் கீல் வருகிறது, பழையது கழன்று காதுக்குப் போகிறது.

நம் கருவிலும் நான்காவது வாரத்தில் கழுத்துப் பக்கம் வரிசையாக மடிப்புகள் தோன்றுகின்றன. மனிதக் கருவுக்குச் செவுள் இருக்கிறது என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னார். தவறு. அவை ஒருபோதும் மூச்சுவிடுவதில்லை. ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் 1874இல் எல்லாக் கருக்களையும் அச்சில் வார்த்தது போல வரைந்து வைத்த படம் இன்றும் ஆளை ஏமாற்றுகிறது. இருப்பவை வளைவுகள். மீனில் தாடையையும் செவுளையும் கட்டும் அதே வளைவுகள், நம்மில் வேறு வேலைக்குப் போகின்றன. முதல் வளைவு தாடை, சுத்தி, பட்டடை. இரண்டாவதில் அங்கவடியும் நாவடி எலும்பின் ஒரு பகுதியும். முதல் இரண்டுக்கும் நடுவிலுள்ள குழி, நடுக்காதின் அறையாகவும் அங்கிருந்து தொண்டைக்கு இறங்கும் குழாயாகவும் ஆகிறது. கொடைக்கானல் மலையேறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'பட்'டென்று திறக்கிறதே, அந்தக் குழாய். சந்தையில் திருக்கை கிடந்தால் கண்ணுக்குப் பின்னால் ஒரு ஓட்டை இருக்கும், பாருங்கள். வயிற்றுப் பக்கம் வாயை வைத்துக்கொண்டு மணலில் படுத்திருக்கும் திருக்கை, அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அதுவும் அதே குழிதான்.

இப்போது நரம்புக்கு வருகிறேன். அரசு அலுவலகத்தில் ஆளை இடம் மாற்றினாலும் ரேஷன் அட்டையில் பழைய முகவரியே இருப்பது போல, எலும்பும் தசையும் எங்கே போனாலும் நரம்பு மாறுவதில்லை. சுத்தியை இழுத்துப் பிடிக்கும் குட்டித் தசைக்குக் கட்டளை வருவது, தாடையால் மெல்லும் தசைகளுக்கு வரும் அதே முதல் வளைவு நரம்பிலிருந்து. அங்கவடியை இழுக்கும் தசைக்கோ இரண்டாம் வளைவின் முக நரம்பிலிருந்து. முகவாதம் வந்த சிலருக்குத் தட்டு விழும் சத்தம்கூட இடிபோலக் கேட்பது அதனால்தான், அங்கவடிக்குக் கடிவாளம் விட்டுப்போகிறது. அம்மாவின் சுவை நரம்பும் இப்படி மாட்டிக்கொண்டதுதான். ஓணானில் அது தாடைக் கீலை ஒட்டி இறங்கிக் கீழ்த்தாடைக்குள் போகிறது, மிக நேரான, நியாயமான வழி. அது உரசிக்கொண்டு போன கீல் மெல்ல மெல்லக் காதுக்குக் குடிபெயர்ந்தபோது, நரம்பு வழியை மாற்றிக்கொள்ளவில்லை. காது வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. அம்மாவின் மீன்குழம்பில் இரும்பு வாடை அடித்ததற்கு மருத்துவரைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் சுண்டுவிரலைக் காதுத் துளைக்குள் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரல் நுனியில் ஒன்று உருளும். அது புதுக் கீல். பழைய கீல் அதற்கு ஒரு விரற்கடை உள்ளே, செவிப்பறைக்குப் பின்னால்.

ஆக, செவுளில் ஒன்று விட்டால் அறை சரியான இடத்தில்தான் விழுகிறது: தாடை, காது, பழைய செவுளின் இடம், எல்லாம் ஒரே உள்ளங்கைக்குள். உடனே 'பழந்தமிழர் அன்றே அறிந்த பரிணாமம்' என்று கட்செவி அஞ்சலில், அதாவது வாட்ஸ்அப்பில், சுற்றுக்கு விட்டுவிடாதீர்கள். மீனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாருக்கும் அந்த இடம் அந்த இடமாகவே தெரியும். கட்செவி என்றதும் நினைவு வருகிறது. பாம்புக்குக் கண்ணே செவி என்று நம் புலவர்கள் வைத்த பெயர் அது. பாம்புக்குக் காதுத் துளை இல்லை என்பதைக் கவனித்தவரை சரி. கண் கேட்கிறது என்பதுதான் பிசகு. பாம்பின் அங்கவடி, செவிப்பறை இல்லாததால், தாடைக் கீலின் மேல்பாதியான எலும்போடு இணைந்திருக்கிறது. நம்மில் பட்டடையாகிப் போன அதே எலும்பு, பாம்பில் தாடையை விட்டு நகரவில்லை. தரையில் தாடையை வைத்து அது நம் காலடியைக் கேட்கிறது. தாடைச்செவி என்றிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

கெளுத்தியும் கெண்டையும் வேறு வழி கண்டுபிடித்தன. அவற்றின் காற்றுப்பையின் அதிர்வை உட்காதுக்குக் கடத்தும் குட்டி எலும்பு வரிசை, முதுகெலும்பின் முன்பகுதியிலிருந்து எடுத்துச் செய்தது. 1820இல் இதை விவரித்த எர்ன்ஸ்ட் வெபர், நம் காது எலும்புகள்தான் இவை என்று நினைத்து அதே பெயர்களை வைத்துவிட்டார். வேலை ஒன்று, வம்சம் வேறு. கையில் கிடைத்த எலும்பை எடுத்துக் காதுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது.

அம்மாவுக்கு நாக்கு திரும்ப ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் காது பழக்கமாகிவிட்டது. மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது என்றாள். அப்பா தூக்கத்தில் பேசுவதைப் புதிதாகக் கண்டுபிடித்தாள். அரிவாள்மணையில் செதில் சுரண்டும் ஓசை பல்லைக் கூச வைக்கிறது என்று மீன் ஆய்வதை என் தலையில் கட்டினாள்.

சென்ற மாதம் பாறைத் தலை. கன்னச் சதையை அம்மாவுக்கு எடுத்து வைத்துவிட்டு, உள்ளேயிருந்த தாங்கு எலும்பைக் கழுவி அவள் தட்டின் ஓரத்தில் வைத்தேன். "உன் காதிலிருந்து எடுத்தது இதுதான்" என்றேன்.

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு பெரிதாகவா இருந்தது?"

"முன்னால் இருந்தது."

"உப்பு சரியாக இருக்கிறதா, அதைச் சொல்" என்று எலும்பைப் பின்வாசலில் காத்திருந்த பூனைக்குப் போட்டாள். சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டோம். பிறகு அம்மா கையை நிறுத்திப் பின்வாசல் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"கடிக்கிறது, கேட்கிறதா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை.